சேனாபதி வீட்டுக் குட்டித் துப்பாக்கிகள்

சேனாபதிக்கு ஆயுதங்கள் மேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. தாராபுரம் பக்கத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் முடித்து, ஹூஸ்டனுக்கு வந்து, எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் நிலைத்துவிட்டவர். வீட்டுக்குள் பல்லி வந்தால் அதை ஒரு அட்டையில் ஏந்திக் கொண்டுபோய்ப் பின்பக்கப் புல்வெளியில் இறக்கிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் ஓடிவந்து கதவைச் சாத்துகிற மனிதர். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரே வருடத்தில் நான்கு துப்பாக்கிகள் வந்துபோயின. நான்கும் சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு. மூன்று ஏமாற்றின. நான்காவது அற்புதமாக வேலை செய்தது, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்தக் குடும்பம் இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்வது அந்த ஒரு தடவையைத்தான்.

கம்பெனியில் அவருடைய வேலை, செய்ததை உடைத்துப் பார்ப்பது. வால்வுக்குள் தண்ணீரை ஏற்றி, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், எங்கே கசிகிறது, எப்போது பிளக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புதுக் குடை வாங்கினால் குளியலறை ஷவரின் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். புது குக்கரில் முதல் மூன்று விசில் வெறும் தண்ணீருக்குத்தான். வாழ்க்கையில் அவர் டெஸ்ட் பண்ணாமல் எடுத்த ஒரே முடிவு தன்னைக் கட்டிக்கொண்டதுதான் என்பார் அவர் மனைவி நாகமணி. அதைக் குறையாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்பது கேட்பவர் பாடு.

எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை சரிந்து, ஹூஸ்டனில் எஞ்சினியர்கள் கடன் கட்ட முடியாமல் வீட்டைப் பூட்டிச் சாவியை வங்கிக்கே அனுப்பிக்கொண்டிருந்த சமயத்தில், வேலை போனாலும் சோறு இருக்கட்டும் என்று சேனாபதி ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டுக்குத் தெற்கே, பெட்ரோல் பங்க்கும் கடையும் சேர்ந்த ஒரு சின்ன காஸ் ஸ்டேஷனை வாங்கிப் போட்டார். வேலை போகவில்லை. கடை மட்டும் கையில் நின்றது. அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு, தாராபுரத்தில் இருந்தவரை ஒரு தீப்பெட்டி வாங்கக்கூடத் தனியாகக் கடைக்குப் போயிராத நாகமணி, "நாந்தேன் போறனுங்க" என்று சொல்லிவிட்டார்.

போனவர் அங்கேயே வேர்விட்டுவிட்டார். சுத்த சைவமான அவர் பியரும், மாட்டிறைச்சி வற்றலும், தூண்டிலில் மாட்டுகிற உயிருள்ள புழுக்களும் விற்றார். யார் எந்த சிகரெட் பிடிப்பார்கள், யாருக்கு டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்; இரண்டாவது வகையினருக்கு சிகரெட்டோடு சேர்த்து ஒரு பார்வையும் கிடைக்கும். ஊரார் அவரை மிஸ் நாகி என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அதிர்ந்து பேசாத அம்மா கடையில் லாரி டிரைவர்களை அதட்டுவதைப் பார்த்த மகள் பிரீத்தி, "அப்பா, ஷீ இஸ் லைக் எ டிஃபரன்ட் பர்சன் ஹியர்" என்றாள். சேனாபதி அதை ஏற்கெனவே கவனித்திருந்தார். கடையிலிருந்து வருகிற நாகமணியை அவருக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

1995 வசந்தத்தில், ஒரு காலை வேளையில், ஒருவன் கத்தியோடு உள்ளே வந்தான். நாகமணி கல்லாவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவன் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் இரண்டு டோநட்டையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். ஒரு கீறல் இல்லை. போலீஸ்காரர் நாகமணியின் நிதானத்தைப் பாராட்டினார். நிதானம் அன்றோடு தீர்ந்துபோய்விட்டது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. கடை வாசலில் காரை நிறுத்தினார், இறங்கினார், சாவியைப் பூட்டில் வைத்தார், திருப்ப முடியவில்லை. ஆள் நடமாட்டம் வந்துவிட்டால் பயமில்லை. தனியாகத் திறந்து, தனியாக விளக்குப் போட்டு, முதல் ஆள் வருகிறவரை உள்ளே நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் முடியவில்லை. காஸ் ஸ்டேஷன் நடத்துகிறவருக்கு அது முடியவில்லை என்றால் எதுவும் முடியாது.

அதிலிருந்து சேனாபதி தினமும் வந்து திறந்து, விடிந்து நாலு பேர் வருகிறவரை நின்றுவிட்டு வேலைக்கு ஓடினார். கம்பெனியில் மேலாளர் முதலில் சிரித்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், அதன் பிறகு கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். இப்படியே போக முடியாது. கடையை விற்றுவிடலாம் என்றார் சேனாபதி.

"வித்துப்போட்டு நா ஊட்டுல உக்காந்துக்கிட்டு என்ன பண்றதுங்க?" என்று கேட்டார் நாகமணி.

மறுநாளும் சேனாபதிதான் போய்க் கடையைத் திறந்தார்.

வழி காட்டியவர் டாக்டர் வெங்கடகிருஷ்ணன். டெக்சஸில் உரிமம் வாங்கியவர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் 1996 தொடக்கத்தில் அமலுக்கு வந்தபோது, பேர்லேண்ட் மீனாட்சி கோயில் வட்டாரத்தில் முதல் ஆளாக உரிமம் வாங்கியவர் அவர். இதய நோய் நிபுணர். இதயத்தின் இருப்பிடம் நன்றாகத் தெரிந்தவர். உரிமத்துக்கான சுடும் பரீட்சையை, குழல் அகலம் முப்பத்திரண்டு காலிபருக்குக் குறையாத துப்பாக்கியால்தான் எழுத வேண்டும் என்பது விதி. அதனால் பெரிய ஒன்றை இரவல் வாங்கிப் பாஸ் செய்துவிட்டு, பையில் போட்டுக்கொள்ள இருபத்தைந்து காலிபரில் குட்டி ஒன்றை வாங்கிவிட்டார். அதாவது, பரீட்சை எழுதக்கூட லாயக்கில்லை என்று அரசாங்கம் ஒதுக்கிய சாதனத்தை, உயிரைக் காப்பாற்ற லாயக்கு என்று டாக்டர் தேர்ந்தெடுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த சேனாபதியைப் பார்க்கிங் லாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வழிபாட்டு இடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கவில்லை. உள்ளே பெருமாள் சக்கரத்தோடும் பிள்ளையார் அங்குசத்தோடும் நிற்கையில், டாக்டர் மட்டும் தன்னுடையதைக் காரின் டிக்கியில் பூட்டி வைத்திருந்தார்.

"பாத்தேளா? வாலெட் மாதிரி இருக்கு. ஆத்துக்காரிக்குக்கூடத் தெரியாது" என்றார்.

சேனாபதிக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. பளபளவென்று குரோம் பூச்சு, கைப்பிடியில் சிப்பி போல மினுங்குகிற பிளாஸ்டிக். அதன் குண்டு கொண்டைக்கடலையைவிடச் சிறியது. சொந்தக் கடைக்குள் வைத்துக்கொள்ள உரிமம்கூட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த சனிக்கிழமையே சேனாபதி அதே மாதிரி ஒன்று வாங்கினார். வாங்கினதும் நேராக ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனார், டெஸ்ட் பண்ண.

அங்கே தொடங்கியது ஏமாற்றம். சுட்டதும் காலியான தோட்டாக் குப்பி தெறித்து வெளியே விழ வேண்டும். இதில் அது பாதி வழியில் மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டில் செருகிய ஊதுபத்தி போல நட்டுக்குத்தலாக நின்றது. தட்டிவிட்டு மறுபடி சுட்டால் மறுபடி ஊதுபத்தி. தப்பித்தவறிப் போன குண்டுகளும் சேனாபதி குறிவைத்த தாளில் படவில்லை. பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் தன் தாளில் புதிதாக வந்த ஓட்டையை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தார். இதையெல்லாம்விடப் பெரிய குறை, மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் முதல் தோட்டாவை ஏற்ற முடியும் என்பது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கக் கடினமாகும் ஜாதி. நாகமணி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, வர்றவனையே கொஞ்சம் இழுத்துக் குடுக்கச் சொல்லோணுமாட்ட இருக்குதுங்க" என்றார்.

இரண்டாவது, இருபத்திரண்டு காலிபர். நன்றாகவே சுட்டது, ஆனால் தோட்டாக்களில் அவ்வப்போது ஒன்று வெடிக்காமல் சும்மா இருந்தது. அந்த ரகத் தோட்டாவின் குணமே அப்படி என்றார்கள். மூன்றாவது இரட்டைக் குழல் குட்டி; எதிலும் சிக்காது, ஏனென்றால் உள்ளே சிக்குவதற்கு எதுவுமே இல்லை. விசையை இழுக்கத்தான் கிணற்றில் நீர் இறைக்கிற பலம் வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் குழல் வாய் தரையைப் பார்த்துவிடும். தாளில் ஓட்டை விழவே இல்லை என்று சேனாபதி வருந்தியபோது, சிமென்ட்டில் விழுந்திருப்பதை நாகமணி சுட்டிக்காட்டினார்.

அந்த ரேஞ்சை நடத்திய லொரேட்டா அறுபது தாண்டிய பெண்மணி. முடியைக் கொப்பரை போல வாரிக் கட்டியிருப்பார். துப்பாக்கிகளை எப்போதும் புருஷன்கள் வாங்கிப்போவதும் பெண்டாட்டிகள் திருப்பிக் கொண்டுவருவதும்தான் தன் வியாபாரம் என்று அவர் சொல்வார். ஒரு சனிக்கிழமை அவர் சேனாபதியிடம் பேசுவதை நிறுத்திவிட்டு நாகமணியின் கையைப் பிடித்து விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பழைய இத்தாலியப் பிஸ்டல் ஒன்றை எடுத்து வந்தார். அதே இருபத்தைந்து காலிபர்தான். கறுப்பு தேய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளை தெரிந்தது. பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிற சின்னத் தாழைத் தள்ளினால் அதன் குழல் டிபன் பாக்ஸ் மூடி போலத் தானாக மேலே எழும்பியது. தோட்டாவை விரலால் உள்ளே வைத்து மூடிவிடலாம். இழுக்கிற வேலையே இல்லை.

நாகமணி வைத்தார், மூடினார், சுட்டார். தாளின் நடுவில் ஓட்டை. மறுபடி சுட்டார். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று.

"இது பரவால்லைங்க" என்றார். இட்லி நன்றாக வந்தாலும் அவர் அவ்வளவுதான் சொல்வார்.

சேனாபதி நம்பவில்லை. மூன்று முறை ஏமாந்தவர். அந்தக் கோடை முழுவதும் அந்தக் குட்டியை அவர் படுத்திய பாடு ஒரு எண்ணெய்க் கிணற்று வால்வுகூடப் பட்டிருக்காது. காலியாக்கிய பிஸ்டலை ஹூஸ்டன் வெயிலில் காருக்குள் போட்டு வேகவைத்தார். கடை ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவே வைத்து உறையவைத்தார். வெனிலா எடுக்கப் போன பிரீத்தி அன்றிலிருந்து அந்த ஃப்ரீசரைத் திறப்பதில்லை. பருத்தித் தூசியில் புரட்டினார், மழையில் நனைத்தார், எண்ணெய் போடாமல் காயவிட்டார். ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார். அது ஒரு தடவைகூடத் திணறவில்லை. வடிவமைத்தவன் கையைக் கும்பிட வேண்டும் என்று சேனாபதி கோயிலில் எல்லோரிடமும் சொன்னார். டாக்டர் வெங்கடகிருஷ்ணன் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து தயிர்சாதம் வாங்கப் போய்விடுவார்.

செப்டம்பரில் நாகமணி பிஸ்டலைக் கடைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தனியாகக் கடையைத் திறந்தார். சேனாபதி எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி, ஒளிந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். மேலாளர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

அமெரிக்கத் தமிழர் வீடுகளில் ஆயுத பூஜை என்பது கம்ப்யூட்டருக்கும் காருக்கும் பொட்டு வைப்பது. நாகமணியிடம் பொட்டு வைக்க நிறையவே இருந்தது: கல்லா மெஷின், கிரெடிட் கார்டு மெஷின், பியர் கூலர், பெட்ரோல் பம்புகள், பேட்டரி, டார்ச். ஆயுத பூஜையில் பெயருக்கேற்ற ஆயுதம் ஒன்று அந்த வருடம்தான் முதல் தடவையாக அவர் வீட்டில் இருந்தது. சேனாபதி தோட்டாக்களை எடுத்துவிட்டு அதைப் பூஜைத் தட்டில் வைத்தார். நாகமணி அதற்கும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, பூ சாத்தி, அட்சதை தூவினார். "அம்மா, யூ புட் எ பொட்டு ஆன் எ கன்?" என்று பிரீத்தி கேட்டாள். உன் கால்குலேட்டருக்கும் வைத்திருக்கிறேன் என்று அம்மா பதில் சொன்னார்.

விஜயதசமியன்று பூஜையைக் கலைத்து, சேனாபதி பிஸ்டலை எடுத்துத் தோட்டாக்களை நிரப்பினார். பொட்டுகளைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது வழக்கம், அவரும் துடைக்கவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் பிறகு தவறாமல் ரேஞ்சுக்குக் கொண்டுபோனவர், பூஜைக்குப் பிறகு மட்டும் கொண்டுபோகவில்லை. அது அவர் மனதில் தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது. சாமி கும்பிட்டு எடுத்ததை டெஸ்ட் பண்ணுவது சாமியையே டெஸ்ட் பண்ணுவது மாதிரி இருந்தது. அதனால் விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை, நல்ல மழை. கடையைத் திறந்த நாகமணி குப்பையை வெளியே வைத்துவிட்டுப் பின்கதவைத் தாழ்போட மறந்துவிட்டார். கல்லாவில் நிற்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால், முகம் தெரியாமல் மழைக்கோட்டின் முக்காட்டை இழுத்துவிட்ட ஒருவர், கையில் பிளேடு கத்தியோடு, பண்டக அறைக்குள் நிற்கிறார்.

நாகமணி யோசிக்கவில்லை. யோசிக்காமல் செய்ய வேண்டும் என்றுதான் அந்தக் கோடை முழுக்கப் பழகியிருந்தார். கை பைக்குள் போனது, வெளியே வந்தது, விரல் விசையை இழுத்தது.

மெல்லிய 'டொக்'. அவ்வளவுதான். கூலரின் மோட்டார் சத்தத்தில் அது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

அந்த ஆள் குனிந்து, கையிலிருந்த பிளேடால் ரொட்டித் தட்டுகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டையை அறுத்தார். நிமிர்ந்து முக்காட்டைத் தள்ளினார். எர்ல். வாரம் இரண்டு தடவை ரொட்டி கொண்டுவருகிற எர்ல். வழக்கமாக முன்பக்கமாகப் பத்து மணிவாக்கில் வருகிறவர். ஃப்ரீவே நெடுஞ்சாலையில் வெள்ளம் என்று அன்று வேறு பாதையில் முன்கூட்டியே வந்திருந்தார். காலை வணக்கம் சொல்லி, ஹாட்டாக் பன் எத்தனை பாக்கெட் வேண்டும் என்று கேட்டார். நாகமணியின் கை மறுபடி பைக்குள் போய்விட்டிருந்தது. எத்தனை பாக்கெட் என்று அவர் சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. அந்த வாரம் கடையில் ஹாட்டாக் பன் மலைபோல் குவிந்து கிடந்தது.

போன் வந்து சேனாபதி ஓடிவந்தபோது கடை பூட்டியிருந்தது. நாகமணி காருக்குள் உட்கார்ந்திருந்தார். பிஸ்டலை ஒரு ரொட்டிக் கவரில் போட்டுக் கணவரிடம் கொடுத்தார். கடையை விற்றுவிடலாம் என்று இந்தத் தடவை சொன்னவர் நாகமணி.

உடைந்ததைப் பார்த்துக் காரணம் சொல்வதுதான் சேனாபதியின் வேலை. லொரேட்டாவின் மேஜையில், விளக்கின் கீழே, இருவருமாகப் பிஸ்டலைப் பிரித்தார்கள். விசையை இழுத்தால் பின்னாலிருக்கிற சின்னச் சுத்தியல் எழும்பி, ஊசியின் மேல் விழும். ஊசி தோட்டாவைக் குத்தும். சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ நசுங்கி ஒட்டியிருந்தது. லொரேட்டா அதை ஊக்கால் நெம்பி எடுத்து, இது என்ன புது ரக கிரீஸா என்று கேட்டார். காய்ந்த சந்தனம். அதில் ஒட்டிக்கொண்டு, பாதியாக நசுங்கிய ஒற்றை அட்சதை அரிசி. சுத்தியல் அதன்மேல் விழுந்திருக்கிறது. ஊசிக்கு அடி போய்ச் சேரவில்லை. தோட்டாவின் முதுகில் லேசான ஒரு தடம் மட்டும் இருந்தது, நகத்தால் அழுத்தியது போல.

துடைத்துவிட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். அதே தோட்டா, ஒரே தட்டில் வெடித்தது.

சேனாபதி வீட்டுக்கு வந்து, மனைவியைத் தேற்றுகிற எண்ணத்தில், "துப்பாக்கி மேல தப்பே இல்ல அம்மிணி. அது நல்ல துப்பாக்கிதான்" என்றார். நல்ல எஞ்சினியர்கள் இப்படித்தான் தேற்றுவார்கள்.

"தெரியுமுங்க. எர்லுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்றார் நாகமணி.

அதற்குப் பிறகு சேனாபதி அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. லொரேட்டாவிடமே கொடுத்துவிட்டார். மற்ற மூன்றும் ஏற்கெனவே போயிருந்தன. உலகத்திலேயே நம்பகமான பாக்கெட் பிஸ்டல், நம்பியதைச் செய்யாமல் போனதற்காக ஒரு மனிதன் நன்றியோடு கண்ணீர் விட்டுத் தான் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று லொரேட்டா பிறகு சொன்னார். கண்ணீர் இல்லை, வெடிமருந்துப் புகை என்று சேனாபதி மறுக்கிறார்.

பிரச்சினை முடியவில்லை. நாகமணி இதை எர்லிடம் சொல்லியாக வேண்டும் என்றார்.

அந்த வீட்டில் அப்படி ஒரு சண்டை அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. சேனாபதியின் வாதத்தில் ஓட்டையே கிடையாது. எர்லுக்கு எதுவும் தெரியாது. ஒரு அடியும் படவில்லை. அமெரிக்காவில் சூடான காபி கொட்டினாலே கேஸ் போடுகிறார்கள். "உங்களைச் சுட்டேனுங்க, வெடிக்கலைங்க" என்று போய்ச் சொன்னால் கடையோடு வீடும் போகும். போலீஸ் வந்தால் நாகமணியும் உள்ளே போவார்.

"அந்த மனுசன் திங்கக்கெழமை வந்து குட்மார்னிங் மிஸ் நாகின்னு சிரிப்பாருங்க. நா அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் பன்னு எண்ணி வாங்கோணுமா?" என்று கேட்டார் நாகமணி. "என்னால முடியாதுங்க. கடை போனாப் போகட்டும்."

திங்கட்கிழமை சேனாபதி விடுப்பு போட்டுக் கடைக்கு வந்து நின்றார். எர்ல் வந்தார், சிரித்தார். நாகமணி சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, ஆங்கிலத்தில் சுற்றி வளைக்கிற அளவு அவருக்கு வராது. அன்று மழையில் நீங்கள் வந்தீர்கள், நான் கத்தியைப் பார்த்தேன், துப்பாக்கியை எடுத்து உங்களைச் சுட்டேன், அது சுடவில்லை.

எர்ல் ஒரு காலித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். குனிந்து தன் சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, ஏன் சுடவில்லை என்று கேட்டார்.

அரிசி என்றார் நாகமணி. சாமிக்குப் போடுகிற அரிசி.

எர்ல் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எழுந்தார், தட்டுகளை அடுக்கினார், கையெழுத்து வாங்காமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை ரொட்டி வந்தது, எர்ல் வரவில்லை. வேறொரு இளைஞன் வந்தான். எர்லைப் பற்றிக் கேட்டதற்குத் தனக்குத் தெரியாது, ஏதோ மேனேஜரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றான். சேனாபதிக்கு மேனேஜர் என்ற சொல் வக்கீல் என்று கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள் பெயர் கேட்டார். எர்ல் என்றார் சேனாபதி. குருக்கள் ஒரு கணம் நின்று, நட்சத்திரம் கேட்டார். தெரியாதுங்க என்றார். கோத்திரம்? அதுவும் தெரியாது. கோத்திரம் தெரியாதவர்களுக்கெல்லாம் இருக்கவே இருக்கிறது சிவ கோத்திரம். எர்ல் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, மீனாட்சி சந்நிதியில் தீர்க்காயுளும் ஆரோக்கியமும் பெற்றார். அவர் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்லத்தான் போனேன் என்கிறார் சேனாபதி. அதே வாயால் கேஸ் போடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டதை நாகமணி சேர்த்துச் சொல்வார். இரண்டும் உண்மை, அம்மனுக்கு இப்படிப்பட்ட மனுக்கள் புதிதல்ல.

அடுத்த திங்கட்கிழமை காலை, கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். விற்பதற்கு ஒரு தரகரிடம் பேசிவிட்டிருந்தார்கள். அதுவரை சேனாபதி திறப்பதாக ஏற்பாடு. வாசலில் ரொட்டி வண்டி நின்றுகொண்டிருந்தது, விளக்கெல்லாம் போட்டபடி. பக்கத்தில் எர்ல், காபிக் குவளையோடு, மழைக்கோட்டு இல்லாமல், தூரத்திலிருந்தே யாரென்று தெரிகிற மாதிரி வெளிச்சத்துக்குள் நின்றிருந்தார்.

சேனாபதி காரிலிருந்து இறங்கத் தயங்கினார். நாகமணி இறங்கினார்.

தன்னுடைய ரூட்டை மாற்றித் தரச் சொல்லி ஒரு வாரமாக மேனேஜரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததாக எர்ல் சொன்னார். இனி திங்களும் வியாழனும் அவருடைய முதல் கடை இதுதான். பால்காரப் பையனிடமும் பேசியிருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் அவன் முதலில் இங்கே வருவான். புதன்கிழமைக்கு ஐஸ்காரர். சனி ஞாயிறு உங்கள் வீட்டுக்காரர் பாடு. தான் வாரம் இரண்டு நாள் நுழைகிற கடைக்குள், பயந்துபோய்க் கையில் கிடைத்ததை எடுக்கிற ஒருவர் தனியாக நிற்பதைவிட, அவர் பயப்படாமல் நிற்பது தன் உடம்புக்கு நல்லது என்று அவர் காரணம் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் நாகமணி அழாமல் இருக்க முடிந்தது.

"நா இங்கயே நிக்கிறேன், மிஸ் நாகி. நீங்க திறங்க" என்று அவர் சொன்னதை நாகமணி தமிழில்தான் சொல்வார், எர்லுக்குத் தாராபுரத்துப் பேச்சு வராது என்பதைப் பொருட்படுத்தாமல். சேனாபதி சாவியை நீட்டினார். மனைவி அதை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தபோது, அவர் காரைவிட்டு இறங்கவில்லை.

நாகமணி சாவியைப் பூட்டில் வைத்தார். திருப்பினார்.

உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு, கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டார். எர்ல் தட்டுகளை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறி, வாசலில் ஒரு கணம் நின்று, நாகமணியின் கோட்டுப் பையைப் பார்த்தார். நாகமணி பையை வெளியே இழுத்துக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு ரப்பர் பேண்டும், இருமல் மிட்டாயும் விழுந்தன.

"வாங்க" என்றார். எர்ல் உள்ளே போனார்.